யாழ் போன வழி

புகார்க் கடற்கரையில் கோவலனையும் மாதவியையும் பிரித்து வைத்தது ஒரு யாழ். இந்திரவிழா முடிந்த கையோடு ஊரே கடலாடக் கிளம்பியபோது அவன் கோவேறு கழுதை மேல் போனான், அவள் வண்டியில் போனாள். புன்னை நிழலில் ஓவியத் திரை கட்டி, மேலே விதானம் விரித்து உட்கார்ந்தார்கள். தோழி வசந்தமாலை கையிலிருந்த யாழை மாதவி வாங்கி, உறையை நீக்கி, நரம்பு நரம்பாகத் தடவிப் பார்த்துச் சுருதி கூட்டிக் கோவலனிடம் நீட்டினாள். அவன் காவிரியை வைத்துப் பாடிய வரிப்பாட்டுக்குள் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. யாழைத் திருப்பி வாங்கினாள். தன் மனத்திலும் யாரோ இருப்பதுபோலப் பாடிக் காட்டினாள். அவள் ஊடினாள், அவன் நம்பிவிட்டான். எழுந்து போனவன் பொழுது விடியுமுன் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு நடந்தான். ஊழ்வினை யாழிசையைச் சாக்காக வைத்து வந்தது என்கிறார் இளங்கோவடிகள்.

வசந்தமாலை, மாதவி, கோவலன், மறுபடி மாதவி. ஒரே மாலையில் இத்தனை கை மாறிய அந்தக் கருவி அதற்குப் பிறகு எங்கே போனது?

முதலில் அது எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். நம் விழா மலர்களின் அட்டையிலும் மன்ற முத்திரைகளிலும் யாழ் என்று வரைகிறார்களே, இரண்டு கொம்பும் குறுக்குச் சட்டமும் வைத்து, அது பெரும்பாலும் கிரேக்கரின் லைர். தமிழ் யாழ் வில்லிலிருந்து வந்தது. வில்லின் ஒரு முனையில் குடைந்த மரத்தை வைத்து, மறுமுனைக்கு ஒவ்வொன்றாக நரம்பு இழுத்துக் கட்டினால் அதுதான் யாழின் எலும்புக்கூடு. விரிவாகத் தெரிய வேண்டுமானால் பொருநராற்றுப்படையைத் திறக்க வேண்டும். புகார் யாருடைய துறைமுகமோ அந்தக் கரிகாலனிடம் பரிசு வாங்கி வந்த ஒருவன், வழியில் கண்ட இன்னொரு பொருநனை அவனிடம் அனுப்பும் பாட்டு அது. பாடியவர் முடத்தாமக்கண்ணியார். கருவியைத் தச்சுப்பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் போலச் சொல்லிக்கொண்டே போகிறார். குடைந்த மரமான பத்தர், மானின் குளம்பு பதிந்த தடம்போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்தது. அதன் மேல் போர்த்த தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம். தோலைச் சேர்த்த இடம் இளஞ்சூல் கொண்டவளின் வயிற்றில் ஓடும் மயிர்வரி. துளையை அடைத்த ஆணி வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண். வாய் எட்டாம் நாள் பிறை, உள்நாக்கு மட்டும் இல்லை. மேலே எழும் கோடு தலை தூக்கிய பாம்பு. அந்தக் கோட்டில் வரிசையாகக் கட்டிய வார்க்கட்டுகள் பெண்ணின் முன்கை வளையல். நரம்போ குற்றிய தினையரிசி போல முறுக்குத் தெரியாமல் விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். இந்த யாழில் பாலைப்பண் வாசித்தால் வழிப்பறிக் கள்வர்கூட ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்கள் என்று முடிக்கிறார். பாணர் காட்டுவழியில் போனவர்கள் அல்லவா, அந்தப் பயனையும் சேர்த்துத்தான் கருவியை எடைபோட வேண்டியிருந்தது.

வளையல் என்று அவர் சொல்லும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். பிற்கால வீணையில் இருக்கும் பிரடை யாழில் இல்லை. நரம்பின் மேல்முனை திவவில் முடிந்திருக்கும். திவவைக் கோட்டின் மேலே தள்ளினால் நரம்பு இறுகிச் சுருதி ஏறும், கீழே இறக்கினால் தளரும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். அழுத்திப் பிடிக்க மெட்டு கிடையாது. எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கணக்கில் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7.

மாதவியின் அரங்கேற்றத்தில் யாழாசிரியன் 14 நரம்புக்குச் சுருதி கூட்டுகிறான். அரங்கேற்று காதையில் அவன் பங்குக்கு 25 அடிகள். தமிழ்க் கவிதையில் இதைவிட வறண்ட 25 அடிகள் இருக்காது என்று முதலில் படிக்கும்போது தோன்றும். அவன் செய்வது என்னவென்றால், ஏழு சுரங்களை ஒரு முறைப்படி கூட்டிவிட்டு, தொடங்கும் நரம்பை மாற்றி மாற்றி ஏழு பாலைகளைப் பிறப்பிக்கிறான். இன்றைய பெயரில் சொன்னால் விளங்கும். செம்பாலையை அரிகாம்போதி என்று இசையறிஞர் பலர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அரிகாம்போதிக்குக் கூட்டிய அதே நரம்புகளில், எதையும் தொடாமல், ரிஷபத்தை ஆதாரமாக வைத்துத் தொடங்கினால் நடபைரவி. மத்திமத்தில் தொடங்கினால் சங்கராபரணம், பஞ்சமத்தில் கரகரப்பிரியா, தைவதத்தில் தோடி, நிஷாதத்தில் கல்யாணி. கடையில் ஒரு ஹார்மோனியம் கிடைத்தால் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்தே பரீட்சித்துப் பார்க்கலாம். யாழில் இது தானாக நடக்கும். நரம்புகள் வரிசையாகக் கண்முன் திறந்து கிடக்கின்றன. எந்த நரம்பிலிருந்தும் நடையைத் தொடங்கலாம். பண்களின் இந்த உறவை ஏதோ ஒரு புலவர் ஏட்டில் கணக்குப் போட்டுக் கண்டிருக்க மாட்டார், ஒரு பாணன் கைதவறி அடுத்த நரம்பில் தொடங்கியபோதுதான் கண்டிருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

கோவலனோடு யாழ் புகாரை விட்டுக் கிளம்பவில்லை. மாதவி மேல்மாடத்தில் தனியே உட்கார்ந்து அதை வாசிக்கப் பார்த்துப் பாட்டு கலைந்துபோய், தாழை மடலில் கடிதம் எழுதினாள். ஆனால் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குப் போகும் வழியில், கோவலன் பாணர் கூட்டம் ஒன்றைக் கண்டான். அவர்கள் கையில் செங்கோட்டியாழ். அதை வாங்கித் தானே சுருதி சேர்த்து அவர்களோடு கூடப் பாடினான். பிறகு மதுரை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். பொருளையெல்லாம் இழந்து காற்சிலம்பை விற்கப் போகிறவன். அப்படியும் யாழைக் கண்டால் கை சும்மா இருக்கவில்லை. காப்பியத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. வணிகன் மகன் கையிலும் நடைவழிப் பாணன் கையிலும் ஒரே கருவி புழங்கிய காலம் ஒன்று இருந்திருக்கிறது.

கொஞ்ச காலம்தான். ஏழாம் நூற்றாண்டுக்கு வந்தால் யாழ் கோயில் வாசலில் நிற்கிறது. பூம்புகாரிலிருந்து சீர்காழி பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தொலைவு. அந்தச் சீர்காழிப் பிள்ளை சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பாடப் பாட யாழில் வாசித்தவர் திருஎருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கூடப் பாடியவர் அவர் மனைவி மதங்கசூளாமணியார். பெரியபுராணம் சொல்லும் யாழ்ப்பாணர் கதையில் பக்தியை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு செய்திகள் உண்டு. திருவாரூரில் இறைவன் அவருக்காக வடக்கே வேறொரு வாயிலை வகுத்துக் கொடுக்கிறார். மற்றவர்கள் போகும் வாசல் பாணருக்கு இல்லை என்பதைச் சேக்கிழார் இதைவிட நாசூக்காகச் சொல்லியிருக்க முடியாது. இன்னொன்று மதுரையில். தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், பாணருக்குப் பலகை போடுங்கள் என்று அசரீரி எழுகிறது. பொற்பலகை வந்தது. நரம்பும் தோலும் கொண்ட கருவிக்கு ஈரம்தான் முதல் எதிரி என்பது இறைவனுக்கே தெரிந்திருக்கிறது. காவிரிப் படுகையில் அடைமழைக் காலத்தில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கதைதான் எல்லோரும் அறிந்தது. இன்றைய காரைக்காலை ஒட்டிய திருத்தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் உறவினர்கள், இவர் வாசிப்பதால்தான் சம்பந்தர் பதிகத்துக்கே பெருமை என்று பேசிவிட்டார்கள். யாழ்ப்பாணர் பதறிப்போய், கருவியில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். அவர் பாடினார். யாழ்ப்பாணர் வாசித்துப் பார்த்தார், வரவில்லை. யாழையே உடைக்கக் கை ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். அந்தக் கோயிலில் இன்றும் சுவாமி பெயர் யாழ்மூரிநாதர்.

இது அடியார் பெருமை பேசும் கதை. கூடவே ஒரு கருவிக்கு எழுதிய இரங்கற்பா என்றும் எனக்குப் படுகிறது. குரல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டது. அசைவும் கமகமும்தான் இசை என்று ஆகத் தொடங்கிவிட்டது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று நிற்கிற கருவி எப்படிப் பின்தொடரும்? வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் மூன்று சுரம்வரை ஒரே இடத்தில் பேசும். மாணிக்கவாசகர் காலத்தில் வீணைக்காரர்களும் யாழ்க்காரர்களும் கோயிலில் ஒரே பக்கம் நின்றார்கள். பிறகு யாழ்க்காரர் வரிசை மெலிந்துகொண்டே போகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராசராசன் 48 பேரை வைத்தான், கூட உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50. அந்தக் கணக்கில் யாழுக்கு ஆள் இல்லை. இத்தனைக்கும் தேவாரத்துக்குப் பண் வகுக்க ஆள் தேடியபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத்தான் எருக்கத்தம்புலியூரில் கண்டுபிடித்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். யாழின் பண் வேண்டியிருந்தது, யாழ் வேண்டியிருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத் தஞ்சாவூர், 24 மெட்டுகளை மெழுகில் நிலையாகப் பதித்த வீணையை உருவாக்கியபோது ஒரே கருவியில் எல்லா ராகமும் வாசிக்க வழி பிறந்தது. அதற்குள் யாழை நினைப்பவரே இல்லை.

கடல் கொண்ட புகாரோடு யாழும் மூழ்கியது என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். புகாரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை சாட்சி. கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறை கிடைத்தது, பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரம் கிடைத்தது. யாழைக் கடல் தொடவில்லை. அதை வாசித்தவர்களைச் சமூகம் வாசலுக்கு வெளியே தள்ளியது, கேட்டவர்களின் செவி மாறியது. இரண்டும் தரையில் நடந்தவை.

யாழின் உறவுக்காரர்கள் வெளியே உயிரோடு இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டுச் சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் வில்வடிவ யாழைத் தொடையில் வைத்து வாசிக்கிறான். அமராவதிச் சிற்பங்களில் அதே வடிவம் உண்டு. இந்தியாவில் அது ஓய்ந்த பிறகும் பர்மா அதை விடவில்லை. அங்கே அதற்குச் சாங் என்று பெயர். படகு வடிவ உடல், மான் தோல் போர்வை, வளைந்த கோட்டுக்கு மரத்தின் வேர். பண்டைய பியூ அரசு 802இல் சீனத்துத் தாங் அரசவைக்கு அனுப்பிய இசைக்குழுவிலும் இந்த வகைக் கருவி போயிருக்கிறது. கோட்டில் நரம்பைக் கட்ட அவர்கள் பயன்படுத்தியது சிவப்புக் கயிற்றுக் கட்டு. கையால் முறுக்கி மேலே தள்ளினால் சுருதி ஏறும். பொருநராற்றுப்படையின் வளையலைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் பழைய சாங் ஒன்றைப் பார்த்தால் போதும். இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. வாசிப்பவர் இடது கட்டைவிரலால் நரம்பை உள்ளிருந்து அழுத்திச் சுரத்தை உயர்த்துவார். ஆகவே யாழில் அசைவே வராது என்று நான் மேலே சொன்னதில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்று நினைத்த இடத்தில் விரல் ஒரு வழி கண்டுபிடித்தது. நமக்கு வீணை கைக்கு எட்டியது, நாம் தேடவில்லை.

நம் ஊரில் யாழ் ஏட்டுக்குள் போய்ப் படுத்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டது 1892இல். சங்கீதக்காரர் மகனான அவருக்கு இசைப்பகுதி எவ்வளவு சிக்கல் என்பது தெரியாமல் இருக்காது. ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். இசையை விரிவாகப் பேசும் அடியார்க்குநல்லார் உரை, யாழ் கை மாறும் அந்தக் கானல்வரிப் பகுதிக்குக் கிடைக்கவில்லை. அங்கே பழைய அரும்பத உரை ஒன்றுதான் துணை.

அச்சான புத்தகம் தஞ்சாவூரில் ஒரு சித்த மருத்துவர் கையில் சிக்கியது. ஆபிரகாம் பண்டிதர் மருந்து விற்ற காசில் இசை மாநாடுகள் கூட்டினார், 1916இல் பரோடா வரை போய் வாதாடினார், 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். பன்னிரண்டு இராசி வட்டத்தில் பாலைகள் சுழலும் கணக்கை அவர் விரித்ததில் தவறு கண்டவர்கள் உண்டு. இருந்தாலும் அந்த 25 வறண்ட அடிகளுக்குள் ஓர் இசை இருக்கிறது என்று பிடிவாதமாக நின்றவர் அவர்.

சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892இல் கிழக்கிலங்கைக் காரைதீவில் மயில்வாகனன் என்றொரு பிள்ளை பிறந்தது. இலங்கைத் தமிழருக்கு யாழ் வெறும் கருவியும் அல்ல. சோழநாட்டிலிருந்து வந்த கண்பார்வை இல்லாத யாழ்பாடி ஒருவனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த மணற்காடுதான் யாழ்ப்பாணம் என்று யாழ்ப்பாண வைபவமாலை கதை சொல்கிறது. அந்த நூலை எழுதிய புலவர் பெயரும் மயில்வாகனமே, தற்செயல்தான். காரைதீவுப் பிள்ளை லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி ஆனார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் ஆனார், 1924இல் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலாநந்தர் ஆனார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அறிவியலும் தமிழும் ஒரே தலைக்குள் இருந்ததால் அந்த 25 அடிகளை அவர் கணக்காகப் படித்தார். விரிவுரை எழுதப் போனவர் நரம்பின் நீளம், அதிர்வு, சுருதி விகிதம் என்று ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அதிலேயே நின்றுவிட்டார். விளைந்தது யாழ்நூல். பாயிரவியலில் தொடங்கி யாழுறுப்பு, இசைநரம்பு, பாலைத்திரிபு, பண், தேவாரம் என்று போய் ஒழிபியலில் முடியும்.

நூலை வெளியிட்டது தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம். இடம், சம்பந்தர் ஆற்றுவெள்ளத்தில் பாட்டாலேயே ஓடம் செலுத்தியதாகச் சொல்லும் திருக்கொள்ளம்பூதூர்க் கோயில். 1947 சூன் 5, 6. விபுலாநந்தர் கணக்கிட்ட கருவிகளை ஊர்வலமாக எடுத்துப் போனார்கள். தஞ்சை நால்வர் மரபில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை அவர் கண்டறிந்த யாழை வாசித்தார். காவிரிப் படுகையில் எத்தனையோ நூற்றாண்டு கழித்து யாழ் என்று சொல்லி ஒரு நரம்பைத் தட்டினார்கள். அப்போதே உடல் தளர்ந்திருந்த விபுலாநந்தர் சூலை 19 அன்று கொழும்பில் காலமானார். தமிழிசை இயக்கம் சூடாக இருந்த நேரம் அது; சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943இலேயே வந்துவிட்டது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டுமென்று கேட்டவர்களுக்குத் தமிழுக்கென்று ஒரு கருவியும், அதற்கு இரண்டாயிரம் ஆண்டுச் சாட்சியும் கிடைத்தன. யாழ் அன்றிலிருந்து அடையாளம் ஆனது. ஆன மறுநாளே வாசிப்பு நின்றதோ என்று எனக்குச் சந்தேகம்.

இதே 1947இல் வேறொரு யாழ் பனிக்கட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்தில், ருதென்கோ என்ற சோவியத் தொல்லியலாளர் இரண்டாம் கல்லறை மேட்டைத் தோண்டத் தொடங்கினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் உறைந்து கிடந்த பொருள்களில் ஒன்று யாழ் வகைக் கருவி. ஒரே மரத்துண்டைக் குடைந்த உடல், அதன் மேல் தோல். பசிரிக் மக்கள் சித்திய வழி நாடோடிகள் என்பது ஆய்வாளர் கருத்து. துருக்கியரும் மங்கோலியரும் அந்த மலைக்குப் பிற்காலத்தில் வந்தவர்கள். 2008இல் மேற்கு மங்கோலியாவின் ஹோவ்த் மாகாணத்தில் ஜர்கலாந்த் ஹைர்ஹான் மலைக்குகையில் கிடைத்ததோ குதிரைத்தலை செதுக்கிய நரம்புக் கருவி. மேலே பழந்துருக்கி எழுத்து. இரண்டையும் அந்தப் பகுதி மக்கள் கண்ணாடிப் பெட்டியோடு விடவில்லை. பார்த்துச் செய்தார்கள், நரம்பு கட்டினார்கள், மேடையேற்றினார்கள்.

அவர்களுக்கு இதில் பழக்கம் உண்டு. கசாக்கியரின் தொலைந்த கருவிகளைத் தேடித் திரட்டி மறுபடி செய்யவைத்தவர் போலாத் சரிபாயெவ் என்ற இசையறிஞர். விபுலாநந்தருக்கு ஏடு இருந்ததுபோல் இவருக்குப் புலவர்களின் நூல் கிடையாது; பயணிகளின் குறிப்பு, அருங்காட்சியகத் துண்டுகள், கிழவர்களின் நினைவு இவைதான். அவர் மீட்டவற்றில் ஒன்று ஜெத்திகென், ஏழு நரம்பு. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழவன், ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் ஒரு நரம்பு கட்டி ஒரு இசை வாசித்தான் என்பது அதன் பிறப்புக் கதை. மீட்ட கருவிகளை அவர் கண்காட்சிக்குக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. 1980இல் தொடங்கிய ஒத்ரார் சாசி இசைக்குழுவில் அவை தினப்படி வாசிப்புக்கு வந்தன.

மங்கோலியரின் குதிரைத்தலைப் பிடில் மொரின் ஹூர் தொலையவே இல்லை, மாறியது. இரண்டு நரம்பும் குதிரை மயிர், பெட்டிக்குத் தோல் போர்வை. இறந்த குதிரையின் எலும்பு, தோல், மயிர் கொண்டு ஒருவன் அதைச் செய்தான் என்பது கதை. கூடாரத்தில் வாசித்தபோது தோல் போதும். பெரிய அரங்கத்துக்கு வந்ததும் ஒலி போதவில்லை; ஈரத்தில் தோல் தளர்ந்தது. மதுரை அசரீரி சொன்ன அதே பிரச்சினை. 1960களில் தோலை எடுத்துவிட்டு மரப்பலகை வைத்தார்கள். சோவியத் பாணி இசைக்குழுவுக்காகப் பழைய கருவியைச் சிதைத்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. கசாக்கியரின் கொபிஸ் என்ற வாத்தியத்தை வயலின் மாதிரி ஆக்கிய கையே, சாமியாடிகளின் வாத்தியம் என்று சொல்லிப் பழைய கொபிஸை ஏறத்தாழ அழிய விட்டது. ஆனால் மரப்பலகை வைத்த மொரின் ஹூரை இன்று பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கிறது. 2002இல் அதைப் போற்றக் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது, 2003இல் யுனெஸ்கோ அறிவித்தது. கசாக்ஸ்தானில் 2018 முதல் சூலை முதல் ஞாயிறு தொம்பிரா என்ற நரம்புக் கருவியின் நாள். பெயருக்கு நாள் கொண்டாடுவதை நாமும் செய்வோம். வாசிக்க ஆயிரக்கணக்கில் கை இருக்கும்போது அந்த நாளுக்கு அர்த்தமே வேறு.

நம் பக்கம் பூம்புகாரில் 1973இல் ஏழுநிலை மாடமாக எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கதை முழுவதும் கல்லில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டி வருகிறார்கள், ஆசிரியர்கள் கண்ணகியைக் காட்டுகிறார்கள். யாழ் எப்படிச் சத்தம் போடும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த ஆசிரியர் என்ன செய்வார்? கைப்பேசியில் தேடினால் இப்போது கிடைக்கும். சென்னையில் கருவி செய்யும் இளைஞர்கள் கடந்த சில ஆண்டுகளில் யாழ் செய்து பாட்டும் பதிந்திருக்கிறார்கள். சங்கப் பாட்டின் வருணனைக்கு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குக் கேட்டுப் புலவர்கள் வருகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை குறைவு. தோலா பலகையா, நரம்பா நைலானா என்பதை வாசிப்பவர்களின் தேவை தீர்க்கட்டும்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரத்தைக் குடையும் ஆசாரிமார் இருக்கிறார்கள். குடம் எவ்வளவு கனம், தோலும் பலகையும் எங்கே வேறுபடும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். ஒரு கோடும் ஒரு பத்தரும் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. 21 நரம்பு வேண்டாம். 14 போதும், மாதவியின் யாழாசிரியன் சுருதி கூட்டிய அளவில், இசைப்பள்ளி மாணவன் வாங்கும் விலையில். முதல் பாடம் ஒரே மணி நேரம்: செம்பாலை கூட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த நரம்பிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். ஏழு முறை சொன்னால் ஏழு பாலையும் பிள்ளை தானே கேட்டுவிடும். வீணையில் இந்தப் பாடத்தை இவ்வளவு நேராக நடத்த முடியாது.

திவவு கட்டுவதா, பிரடை பூட்டுவதா என்ற சண்டை நிச்சயம் வரும். பர்மாவில் வந்தது. சிவப்புக் கயிற்றை முறுக்கிச் சுருதி வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் கிதாருக்கு வைக்கிற உலோகச் சாவியைச் சாங்கின் கோட்டில் பூட்டிவிட்டார்கள். பழைய கட்டின் அழகு போயிற்று என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். சிலர் சாவியைப் பூட்டிவிட்டு, அழகுக்காகச் சிவப்புக் குஞ்சத்தையும் கூடவே தொங்கவிட்டுக்கொள்கிறார்கள்.